மஞ்சுளாம்மா தொடாத வயர்

12.7.2004, திங்கள்

காலையில் தண்டலம் அலுவலகத்தில் இருந்தபடியே எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக ஒரகடம் ஃபேக்டரி சர்வருக்குள் போனேன். நெட்வொர்க்கை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. நிறுத்தினேன். திரை அசையவில்லை. அந்த நெட்வொர்க் வழியாகத்தான் நானே உள்ளே போயிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. திரும்பத் தொடங்கச் சொல்ல எனக்கு இனி வழியில்லை.

உடனே ஃபேக்டரி சூப்பர்வைசர் போன் செய்தார். "இன்னா சார், லேபிள் பிரிண்ட் ஆவல, பேக்கிங் லைன் நின்னுகினு கீது!"

"யாராவது வயர ஆட்டியிருப்பாங்க," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பைக்கில் விரட்டிப் போய், சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தேன். லைன் ஓடியது. திரும்பினால், அந்த அறையைப் பெருக்கும் மஞ்சுளாம்மா கண் கலங்கி வாசலில் நிற்கிறார். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்.

"நான் வயராண்டயே போவல சார்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "தொடப்பம் கிடப்பம் பட்டுச்சோ இன்னாவோ, தெரியல சார். இனிமே பாத்துப் பெருக்கறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் பக்கத்திலேயேதான் நின்றார்.

"பரவாயில்லம்மா, விடுங்க," என்று அவரை மன்னித்தேன்.

கையெடுத்துக் கும்பிட்டார்.