காலில்லாத ஆறு பறவைகள்

ஏப்ரல் 16, 1974

மழை. என் வீட்டுக்காரர் செசில் இன்றும் வாசலைத் தாண்டவில்லை. ஜனவரியில் ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பொய்க்கால் மாட்டி நடந்து பழகாவிட்டால் கடைசிவரை நாற்காலிதான் கதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டால் "நாளைக்கு" என்கிறார். இவரோடு மல்லுக்கட்டி என் தொண்டைதான் வறண்டுபோகிறது.

ஏப்ரல் 18

புல்தரையில் பந்து உருட்டும் எங்கள் கிளப்புக்குப் பெயரளவில் இன்னும் செசில்தான் கேப்டன். காரியதரிசி மேவிஸ் ஒரு பெட்டியோடு வந்தாள். கோட்டுப் பையில் தைக்கிற புது பேட்ஜுகள்: நீலத்தில் ஆறு தங்கத் தகைவிலான் குருவிகள், எங்கள் சசெக்ஸ் மாவட்டத்துச் சின்னம். வடக்கே தைத்த புண்ணியவான் எல்லாவற்றுக்கும் கால் வைத்துவிட்டான்! எங்கள் பறவை தரையில் இறங்காது, அதற்குக் காலே கிடையாது. பழைய சசெக்ஸ் ராஜாக்களின் சின்னம் என்பார்கள். ராஜாக்கள் செத்துப் பல நூறு வருஷம் கழித்து யாரோ அவர்கள் தலையில் கட்டியது என்று செசில் வாதாடுவார். எப்படியோ, இன்று போலீஸ் தொப்பிவரை அதுதான்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்து கென்ட்காரங்க ஆட வர்றாங்க. பார்த்தா மானம் போயிடும். நீதான் தையலைப் பிரிச்சுக் குடுக்கணும்," என்றாள் மேவிஸ். பிறகு செசிலைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி, "அந்த... கீழ இருக்கறதை மட்டும்."

ஊரே இப்படித்தான். இவர் முன்னால் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. நான் மட்டும் என்ன, சொல்கிறேனா?

செசில் செய்தித்தாளை இறக்கினார். "கால்னு சொல்லு மேவிஸ். சொன்னா முளைச்சிடாது."

அவள் முகம் சிவந்துபோயிற்று. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஏப்ரல் 22

செசிலும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார். நகம் வெட்டுவதுபோல் ஒவ்வொரு காலாக எடுக்கிறார். ஒரே ஒரு பேட்ஜை மட்டும் தொடவில்லை.

"இது என் கோட்டுக்கு. இதுங்ககிட்ட பன்னிரண்டு இருக்கு. ஒண்ணு இரவல் கேட்டுப் பார்க்கறேன்."

கோட்டுக்கா? போட்டுக்கொண்டு எங்கே போவதாம்? வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 27

பொய்க்காலை மாட்டி, அந்தக் கோட்டோடு கிளப்புக்குப் போனார்! கூட வருகிறேன் என்றதற்கு முறைத்தார். ஜன்னலோரம் நின்று பார்த்தேன். மேட்டில் இரண்டு தடவை நின்றார் – ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது, போகவில்லை. எங்கள் கிளப் படுதோல்வி. வந்ததிலிருந்து புல்தரை ஈரத்தைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்.

மே 9

செய்து வைத்த மீன் ஆறிப்போயிற்று. செசில் இன்றும் எங்கே சுற்றப் போயிருக்கிறார் என்று தெரியவில்லை.