பெருநாளில் ஓய்ந்த பம்பு

கெடுங்சாரி,
ஞாயிறு.

அன்பு மகன் பர்னோவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோட்டின் மேல் தொடங்கினால் முடிவில் கீழே இறங்கிவிடுகிறது. மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் அப்படியே அழுத்துவதால் தாள் ஓரிடத்தில் கிழிந்துவிட்டது. ஆனாலும் இது முழுக்க நானே எழுதியது. முன்பு எனக்காக எழுதித் தந்த இமாமின் மகன் நான் சொல்வதையெல்லாம் சுருக்கிவிடுவான். இனிச் சுருக்க ஆளில்லை.

உன் அம்மா நலம். சந்தையில் விற்கும் சோயா டெம்பே போடுவதைத்தான் பாதியாகக் குறைத்துவிட்டாள். சோயாவை ஊறவைத்துத் தோல் போக அலசக் கிணற்றில் தண்ணீர் போதவில்லை. ஒரு நாள் அலசல் குறைந்து டெம்பே புளித்துப்போனது. சந்தையில் பக்கத்துக் கடைக்காரி சர்மி முகர்ந்து பார்த்து, "என்னக்கா, மாட்டுக்கு வச்சதை மாத்திக் கொண்டாந்துட்டியா?" என்று சிரித்தாளாம். அம்மா அன்று சாப்பிடவில்லை.

ஊர் ஊற்றும் வற்றிவிட்டது. அதனால் ஊற்றுக்குச் செய்யும் சடங்கை முன்கூட்டியே, பெருநாளுக்கு முதல் நாள் நடத்தினோம். சேறு வாரினோம், ஆட்டுத் தலையைப் புதைத்தோம், நோன்பு திறந்தபின் எல்லா வீட்டுச் சோற்றையும் பகிர்ந்து உண்டோம். அந்த வாரமே ஊற்றில் தண்ணீர் ஏறியது. ஊற்றைக் காக்கும் துக்கிரான் தெருவில் நிமிர்ந்து நடந்தார். பிறகு மறுபடியும் வற்றியது. உடனே, "ஆட்டுத் தலையில கறிய வழிச்சுத் தின்னுட்டுத்தான் இவரு பொதைச்சிருப்பாரு" என்று பேச்சு கிளம்பியது. இந்த முறை எருமைத் தலை வேண்டும் என்று ஊர்க் கூட்டம் கூடியது.

நான் எழுந்து சொன்னேன்: "ஆடு ஒண்ணும் பண்ணலப்பா. பெருநாளுக்குப் பக்கத்துக் கல் குவாரிக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க. குழித் தண்ணிய எறைக்கிற பம்பு ஓடல. தண்ணி ஏறுச்சு. திரும்பி வந்து பம்பைப் போட்டாங்க, எறங்கிடுச்சு."

துக்கிரான், "நாலெழுத்து வந்ததும் அண்ணனுக்கு இன்ஜினியர் பட்டமும் வந்துடுச்சு போல" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் மறுநாள் என்னோடு குவாரிக்கு வந்தவரும் அவர்தான். குழி நம் கிணற்றின் அடிமட்டத்தையும் தாண்டிப் போயிருக்கிறது. பாறை இடுக்குகளில் நீர் கசிந்து இறங்க, பம்பு அதை உறிஞ்சி ஆற்றில் விடுகிறது. மேலாளர், "அது மழைத் தண்ணி, பெரியவரே" என்றார். துக்கிரான் வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "இந்தக் கோடையில மழை ஒங்க குழியில மட்டும் பெய்யுதா தம்பி?" என்று கேட்டார். மேலாளர் பேச்சை மாற்றினார். பம்பை நிறுத்தினால் குழி மூழ்கும், இத்தனை பேருக்கும் வேலை போகும் என்றார். பம்பு ஓட்டும் பையன் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றான். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது.

எருமைப் பேச்சு ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை மேலாளர் ஊருக்குப் பேச வருகிறார். குழித் தண்ணீரை ஆற்றில் விடாமல் குழாய் போட்டு நம் தொட்டிக்கு ஏற்றித் தரச் சொல்லப் போகிறோம். அந்தப் பம்புக்கு அவ்வளவு வலு உண்டா? வெடிமருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கலாமா? அதே வேலை செய்பவன் நீ, உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகன் சுமத்ராவில் குவாரிப் பம்பு ஓட்டுகிறான் என்று எல்லோரிடமும் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன். உன் குழியைச் சுற்றி வீடுகள் இருக்கின்றனவா? ஒரு நாள் நடந்து போய் அவர்கள் கிணற்றை எட்டிப் பார். வேலையை விடச் சொல்லவில்லை, உன் பிள்ளைகளின் சோறு அதில்தான் இருக்கிறது. போய்ப் பார், அவ்வளவுதான். நீ யாரென்று கேட்டால் மறைக்காதே.

அல்லாஹ் உன்னையும் மருமகளையும் பிள்ளைகளையும் காக்கட்டும். கை வலிக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்ன ஆனதென்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று நீயும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சாதிமன்