கழுகு வீரனின் பெண்சாதி

ஓசூர், 13.8.1989

மங்கம்மாவுக்கு முனிவேல் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? திட்ட ஆளில்லாமல் சிரமப்படுவாய்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ரூமில் இருக்கும் திம்மப்பனுக்கும் ஆஞ்சப்பனுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. கழுகு வீரன் படக்கதைப் புத்தகத்தை நான்தான் படித்துச் சொல்வேன். நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். புரியாத இடத்தில் சொந்தமாகச் சேர்த்துவிடுவேன். அப்படித்தான் கழுகு வீரனுக்கு மங்கம்மா என்று ஒரு பெண்சாதி வந்தாள். பறந்துவிட்டு வருகிறவனைத் திட்டிக்கொண்டே களி போடுவாள்.

அந்தக் கதை இப்போது சினிமாவாக வந்திருக்கிறது. இன்று மூவரும் போனோம். படம் முடிந்ததும் திம்மப்பன் டிக்கெட் கிழிக்கிறவரைப் பிடித்துக்கொண்டான்.

"மங்கம்மாவை எதுக்குய்யா வெட்டினீங்க? அவ இல்லாம என்ன கதை?"

"அப்படி யாரும் கதையில இல்லப்பா."

"புத்தகத்துல இருக்குது. கொண்டாந்து காட்டறேன், இரு!"

காட்டினால் என் குட்டு உடையும். அப்புறம் கதை கேட்க யாரும் உட்கார மாட்டார்கள். முந்திக்கொண்டு ரூமுக்கு ஓடி, புத்தகத்தை அடுப்பில் வைத்துவிட்டேன்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. மத்தூரிலிருந்து யாராவது வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்பு. அவசரத்தில் அடுப்பருகே கிடந்த என் போர்வையும் எரிந்துவிட்டது. மீதி முழங்கால் வரை வருகிறது.