வெட்டி எறிந்த சிரிப்பு

என் அருமைப் பாவி நஸ்ரீனுக்கு,

பள்ளி ஆண்டு மலருக்காக உன்னைப் பற்றிப் பத்து வரி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் "வாயாடி" என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் "அமைதியானவள்" என்று எழுதியிருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மலருக்கு வேறு யாராவது எழுதட்டும். நான் உனக்கே எழுதுகிறேன். நூலகத்துக் கையெழுத்து இதழில் இதை ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே நான் விளக்கிக்கொண்டு போனால் கொட்டாவி விடாதே.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். செல்லிப்பட்டிலிருந்து வில்லியனூர் பள்ளிக்கு வருவதற்குள் எனக்குப் பஸ்ஸில் நூறு பக்கம் படிக்க முடிகிறது, பேச ஆள் இல்லாததால். இன்னொரு செய்தி. அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு மேஜையைக் குத்தியிருப்பாய்.

அந்தப் படத்தின் பேரை எழுத மாட்டேன். விண்வெளியில் நடக்கிற தமிழ்ப் படம் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். மழை நின்றுபோன பூமிக்கு, வால்நட்சத்திரத்திலிருந்து பனிக்கட்டி கொண்டுவரப் போகிறது ஒரு கப்பல். எவ்வளவு அழகான கதை! தியேட்டரில் என்ன பார்த்தோம்? முதல் இருபது நிமிடம் ஹீரோ விண்வெளி நிலையத்தில் அடியாட்களைப் புரட்டி எடுத்தார். அப்புறம் ஒரு பாட்டு. கப்பலின் கணினி ஹீரோவிடம் கொஞ்சிக் கொஞ்சி ஜோக் அடித்தது. எல்லாவற்றையும் மூன்று தரம் விளக்கினார்கள். ஹீரோவுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே இன்ஜினியர் பெண்ணைப் பாதியில் சாகடித்தார்கள். கடைசியில் அவர் தூங்கி எழுந்தார். எல்லாம் கனவாம்.

நான் அழுதுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நீ என் தோளில் ஒன்று வைத்தாய்.

"ஏய், இன்னாத்துக்கு அழுவற? அந்தப் படத்துக்குள்ள ஒரு படம் கீதுடி. வெளிய எடுக்கணும், அவ்ளோதான்."

படம் ஆன்லைனில் வந்த அன்றே அதை வெட்டித் திரும்ப ஒட்டும் வேலையைத் தொடங்கினோம். என் போன், உன் நோட்டு. ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்குகிறது, அதில் புதிதாக என்ன தெரிகிறது என்று எழுதினோம். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் நீ பெருக்கல் குறி போடுவாய். உன் நோட்டு முழுக்கப் பெருக்கல் குறி.

அந்த இன்ஜினியர் பெண் கப்பலின் சுவரில் காதை வைத்து, காற்று எங்கே கசிகிறது என்று தேடுகிற காட்சி நினைவிருக்கிறதா? ஒரு வசனம் கிடையாது. படத்தின் நடுவில், ஒரு சண்டைக்கும் பாட்டுக்கும் இடையில் அதை நசுக்கி வைத்திருந்தார்கள். அதைத்தான் நாம் முதல் காட்சி ஆக்கினோம்.

"கப்பல் எங்க போவுதுன்னே தெரியாதேடி," என்றேன்.

"தெரியலன்னா பாப்பாங்க. தெரிஞ்சிட்டா போன நோண்டுவாங்க."

பாட்டை வெட்டிய இடத்தில் இசை பாதியில் அறுந்து துடித்தது. இரண்டு நாள் போராடினோம். அடுத்த காட்சியின் சத்தத்தை அரை நொடி முன்பாகவே கொண்டுவந்து பார் என்றாய். வெட்டு மறைந்துவிட்டது. இயந்திரத்தின் உறுமல் முதலில் வந்தது, பிறகு இயந்திரம் வந்தது, கண் அதை ஏற்றுக்கொண்டது. கனவு முடிவைத் தூக்கினோம். அந்தப் பெண்ணின் சாவையும் தூக்கினோம். ஆனால் அதற்குப் பிறகு அவள் படத்திலேயே இல்லையே? நாம் தூக்கி எறிந்த பாட்டில், ஆடத் தொடங்குவதற்கு முன்னால் அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிற ஒரு ஷாட் இருந்தது. நாலு நொடி. அதைக் கடைசியில் வைத்தோம். அவள் பிழைத்துவிட்டாள். நீ உங்கள் மெத்தைக் கடைப் பஞ்சு மூட்டையின் மேல் ஏறிக் குதித்தாய்.

வெறுப்பில் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. சுவரில் காதை வைக்கும் காட்சியை யோசித்த யாரோ ஒருவர் அந்தப் படக்குழுவில் இருந்திருக்கிறார். மற்றவர்களிடம் தோற்றிருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆளின் பக்கம் நின்றுதான் நாம் வெட்டினோம்.

மிச்சம் இருந்தது கணினியின் குரல். நீயே பேசுகிறேன் என்றாய். நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் மெத்தைக் கடைக்கு மேல் இருக்கும் குடோனில் நாலு பக்கமும் மெத்தையை நிறுத்தி நடுவில் உட்கார்ந்தோம். தெருச் சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை. படத்தில் கணினி அளவுக்கு மீறிக் கொஞ்சியதால், நம் கணினிக்கு உணர்ச்சியே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். "காற்று குறைகிறது. கதவு மூடப்படுகிறது." நாற்பத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றும் நாலைந்து தடவை.

ரெக்கார்டிங்கை நீ நிறுத்தவே மாட்டாய். அது பாட்டுக்கு ஓடும். ஒரு வரி சொல்லி முடித்துச் சிரிப்பாய், என்னைத் திட்டுவாய், பேரம் பேசும் வாடிக்கையாளர் மாதிரி பேசிக் காட்டுவாய். நான் அத்தனையையும் கேட்டு, நல்ல வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் "குப்பை" என்று பேர் வைத்த இடத்தில் போடுவேன். போன் நிறைந்துபோனது. வேண்டாததை வைத்திருந்தால் மனசு மாறும், தூக்கிப் போட்டுவிடு என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்தேன். அழித்தவை போய் உட்காரும் இடத்தையும் காலி செய்தேன். மறுநாள் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சபாஷ்டி. இப்பதான் நீ எடிட்டர்," என்றாய்.

அடுத்த வாரம் உனக்கு ஜுரம். "மாத்தர போட்டுக்கினேன், நாளைக்கு வரேன்" என்று செய்தி அனுப்பினாய். எழுத்தில்தான். பேச்சைப் பதிந்து அனுப்புவது உனக்கு என்றைக்கும் பிடிக்காது. ஆறாம் நாள் நீ இல்லை.

பள்ளியில் உன் வீட்டாரை அழைத்து உனக்காக ஒரு வீடியோ போட்டார்கள். அதைப் பற்றி நீ கேட்டே ஆகவேண்டும். உன் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, முதுகில் இரண்டு சிறகு ஒட்டியிருந்தார்கள். பின்னால் மேகம். முன்னால் ஆடுகிற விளக்குச் சுடர். உன் அத்தா தலையைக் குனிந்துகொண்டார். "அடக்கத்தின் வடிவம்" என்று எழுத்து மிதந்து வந்தது. மூன்று வருஷமாக வகுப்பில் உன்னை "வாய மூடு" என்று சொன்னவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஒரு மோசமான படத்திலிருந்து நல்லதை எடுக்க நாம் நாலு மாதம் பாடுபட்டோம். உன்னிலிருந்து உன்னையே வெட்டி எடுக்க அவர்களுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. நல்ல பெண்தான் சீக்கிரம் போவாளாம். அப்படியென்றால் நான் யார்?

இப்படியெல்லாம் கொதிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? வீடியோ போட்ட அன்று பள்ளி வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கயலு, மேல குடோன்ல நீங்க ரெண்டு பேரும் பேசிப் புடிச்சீங்களே, அது உன் போன்ல கீதுல்லம்மா? எங்கிட்ட போட்டோதான் கீது. வீடியோ எடுத்தா மூஞ்சிய மறைச்சிக்குவா. அவ சிரிச்சது எதனா இருந்தா ஒரு தபா போட்டுக் காட்டேன்."

"தேடிப் பாக்கறேன் ஆன்ட்டி," என்றேன்.

தேட என்ன இருக்கிறது? என்னிடம் இருப்பது நாற்பத்து மூன்று வரி. நீ நீயாக இருக்கக் கூடாது என்று பாடுபட்டுப் பேசிய வரிகள். நீயாக இருந்த இடம் முழுவதையும் நான்தான் குப்பை என்று பேர் வைத்து அழித்தேன். சிறகு ஒட்டியவர்களைவிட நான் எந்த விதத்தில் மேல்?

அதற்குப் பிறகு உங்கள் கடைத்தெரு வழியாகப் போவதை விட்டேன். சுற்றிக்கொண்டு போனேன். நாற்பதாம் நாள் உனக்காக ஓதும் ஃபாத்திஹாவுக்குக் கூப்பிட்டார்கள், பரீட்சை என்று பொய் சொன்னேன். இதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். உனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன், ஆனால் எல்லோருக்கும் எதிரிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ மூச்சு இழுக்கும் சத்தம் இருக்கிறது. இரண்டு வரியின் முடிவில் லேசாக மூச்சு விடுகிறாய். ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, அவற்றை நறுக்கி, வேகம் கூட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரு சிரிப்புச் செய்தேன். மூன்று நொடி. தெரியாதவர்கள் கேட்டால் ஒரு பெண் சிரிக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தலையணை உறைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார். போனைப் பார்த்தார்.

அந்த முகத்துக்கு முன்னால் என்னால் அதைப் போட முடியவில்லை.

"ஆன்ட்டி, சிரிப்பு இல்ல. நான் அழிச்சிட்டேன்."

"தெரியாம கை பட்டுடுச்சா?"

"இல்ல. வேணும்னேதான். எடம் பத்தலன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். கப்பல் பேசற வரி மட்டும்தான் கீது."

உன் அம்மா உறைக் கட்டைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அவ துப்பட்டாவ நானும் அன்னிக்கே ஊற வெச்சிட்டேன். வாசன போயிடுச்சு. கை சும்மா இருந்தாதான? சரி, கீறதப் போடு."

போட்டேன். "காற்று குறைகிறது. கதவு மூடப்படுகிறது." நாலாவது வரியில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது நஸ்ரீன் இல்ல."

"ஆமா ஆன்ட்டி."

"உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத," என்றார். நான் எழுந்தேன். "எங்க போற? நீ கேட்டுட்டுதான அழிச்ச? கேட்டது காதுல இருக்குமில்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு டேக்கையும் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். நல்ல வரிகளைவிட நான் எறிந்ததுதான் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே இருமினாய், எங்கே மெத்தையைத் தட்டினாய், எல்லாம்.

"மொத வரி, நாலாவது டேக்," என்று தொடங்கினேன். "நீங்க டீய மேல குடுத்துட்டு, கீழ இருந்து ஆறுதுன்னு கத்திக்கினே இருந்தீங்க. இவ 'காத்து கொறையுது'ன்னு சொல்லணும்..." நிறுத்திவிட்டேன்.

"இன்னா நிறுத்திட்ட? என்னய எதனா சொன்னாளா?"

வெட்டிவிடலாம். என் கைக்கு அது பழக்கம். அரை நொடி முன்னால் வேறு ஏதாவது சத்தத்தைக் கொண்டுவந்தால் உன் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

"சொன்னா ஆன்ட்டி. 'காத்து கொறைஞ்சா பரவால்ல, எங்கம்மா வாய் கொறையணும் மொதல்ல'ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. சிரிச்சதுல டீய மெத்தைல கொட்டிட்டா."

உன் அம்மா துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

"அந்தக் கறை அவ பண்ணதா? அவ அத்தாவ இல்ல ரெண்டு நாள் திட்டிக்கினு இருந்தேன்!" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், அப்பறம்?" என்றார்.

அன்றைக்கு மூன்று வரிதான் முடிந்தது. இன்னும் நாற்பது இருக்கின்றன.

நஸ்ரீன், செய்து வைத்த அந்தச் சிரிப்பை உங்கள் வீட்டு வாசலிலேயே அழித்துவிட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விட்டதும் உன் அம்மாவிடம் போவேன். நீ திட்டியது, பொய் சொன்னது, என்னைப் பற்றிக் கேவலமாகச் சொன்னது, ஒன்றையும் வெட்ட மாட்டேன். மறந்துபோன இடம் வந்தால் மறந்துவிட்டது என்று சொல்வேன், எதையும் ஒட்டி நிரப்ப மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் அம்மாவிடம் உன் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் உன் சகோதரி,
கயல்விழி