லேட்டாகப் போகிற சேதி

ரோஜா அப்பாவுக்கு அமலா எழுதுவது. குவைத்தில் நான் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் பிள்ளை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

சின்னதிலிருந்து அவள் காலை இழுத்து நடப்பதற்குக் காரணம் மூளை முடக்குவாதம் என்று விழுப்புரம் டாக்டர் சொன்னதிலிருந்து, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "மூளை சரியில்லையாமே" என்று ஊரே கேட்கிறதாம். நேற்று போனில் அழுதாள்.

"மூளை நல்லாத்தான் இருக்குது கண்ணு. காலுக்கு அனுப்புற சேதிதான் லேட்டா போவுது" என்றேன்.

சிரித்துவிட்டாள். "உன்ன மாதிரியா? வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே இருக்கியே!"

நானும் சிரித்தேன். அதற்குள் இஸ்திரிப் பெட்டியின் அடியில் முதலாளியம்மா சட்டை தீய்ந்துவிட்டது.

கால் பயிற்சிக்குத் திண்டிவனம் போகும்போது பஸ் படியில் அவள் கையைப் பிடிக்காதீர்கள், கூச்சப்படுவாள். பையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

லீவு கேட்டிருக்கிறேன். டிக்கெட் கைக்கு வரும்வரை அவளிடம் மூச்சு விடாதீர்கள்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்.

அமலா