வாசல் நாற்காலிக் கணக்கு

மார்ச் 4

பெரிய பாலம் உடைந்து சரக்கு ரயில் ஆற்றில் இறங்கிய வருஷம்தான் எங்கள் தொழிற்சாலையில் அரவை அறையைத் திறந்தார்கள். ரயிலில் வந்தது சர்க்கரை மூட்டை. மூன்று நாள் ஆற்று மீனே இனித்தது என்று கதை கட்டினார்கள். என் மூத்த மகள் பிறந்ததும் அந்தக் கோடைதான். வருஷத்துக்கு என்ன நம்பர் என்று கேட்டால் தெரியாது. வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் அந்த அறைக்குள் முதல் நாள் நுழைந்த எங்கள் இருபத்தாறு பேரைப் பற்றிக் கேளுங்கள், யார் எந்த இயந்திரத்தில் நின்றான் என்பது வரைக்கும் சொல்வேன்.

எழுதுவது மருமகள். சொல்வது நான். கையெழுத்தின் அழகு அவளுக்கு, ஆத்திரம் எனக்கு.

மார்ச் 5

இன்றும் இருமினான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுகிறான். எங்களுக்குக் கேட்காதாம்.

மகன் அரவை அறைக்குப் போய் ஒன்பது வருஷம் பத்து மாதம்.

மார்ச் 7

வாசல் காவலுக்கு மாறிக்கொள் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். உட்கார்ந்த வேலை. இவன் மாட்டேன் என்கிறான். ஏன்டா என்றேன்.

"நோட்டீஸ் போர்டுல அட்டவணை ஒட்டியிருக்காங்கப்பா. அறுபது வயசுக்குள்ள செத்தவங்க கணக்கு. வாசல் காவல்ல ஒம்பது பேர். மூட்டை கட்டுறதுல மூணு. அரவையில வெறும் ரெண்டு. அந்த நாற்காலியில உக்காந்தவன் ஒருத்தனும் தேறலப்பா. நான் அரவையிலயே இருந்துக்கறேன்."

"நாற்காலி என்னடா பண்ணும்? கடிக்குமா?"

"கணக்கு பொய் சொல்லுமா?"

கணக்கு பொய் சொல்லுமா? மாலை முழுக்கத் தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். மருந்துக் கடைக்காரர், "யாரைத் தேடறீங்க?" என்று கேட்டார். யாரைத் தேடினேன்?

மார்ச் 8

விடிந்ததும் பிடிபட்டது. பல் துலக்கும்போது.

வாசலில் செத்த ஒன்பது பேரையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நெட்டையன். பாட்டுக்காரன். இரட்டையரில் மூத்தவன். பூனைக்கண்ணன்... ஒன்பது பேருமே அரவையில் நின்றவர்கள்! இருமல் கண்ட பிறகுதான் வாசலுக்கு வந்தார்கள். மூட்டை கட்டுகிற இடத்தில் செத்த மூன்று பேரும் அப்படித்தான். பதிவேட்டில் ஒருத்தன் கடைசியாக எங்கே இருந்தான் என்பது மட்டும்தான் இருக்கும். நோயை உள்ளே வாங்கினான், சாவை வாசலில் எழுதிவிட்டார்கள்.

மகனிடம் சொன்னேன். "உன் ஞாபகத்த யாருப்பா நம்புவாங்க?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

மார்ச் 11

சுகாதார ஆபீஸிலிருந்து கணக்கெடுக்க வந்திருக்கிற அம்மாவைப் பார்க்கப் போனேன். மருமகள் கூட வந்தாள். அட்டவணையை ஒட்டியது தொழிற்சாலைதான் என்றாலும் இந்த அம்மா கேட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். இருபதாம் தேதி அறிக்கை அனுப்புகிறாளாம்.

இருபத்தாறு பேர் கதையையும் சொன்னேன். பாட்டுக்காரன் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பாடுவானே, அதிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"ஐயா, எல்லாம் கலந்து கெடக்குது. இப்படியே எழுதினா கதையாத்தான் இருக்கும். பிரிச்சு அடுக்கித் தாங்க. யார் எங்க செத்தாங்கன்னு வேணாம். அரவைக்குள்ள எத்தன வருஷம் நின்னாங்க? அத வச்சுப் பிரிப்போம்."

"எப்படிப் பிரிக்கறது?"

"அஞ்சு வருஷத்துக்குள்ள ஒரு வரிசை. அஞ்சுலேர்ந்து பத்து ஒரு வரிசை. பத்துலேர்ந்து பதினஞ்சு ஒண்ணு. யாரும் அதுக்கு மேல இல்லல்ல?"

"இருக்க விட்டாத்தானே."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

"சரியா பத்து முடிச்சவன் எந்த வரிசைம்மா?"

"பத்து தொட்டா அடுத்த வரிசை. ஒரே ஆள் ரெண்டு வரிசையில நிக்கக் கூடாது."

மகன் பத்தைத் தொட இன்னும் இரண்டு மாதம். மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

மார்ச் 13

எழுத்து தெரியாது, கோடு தெரியும். சரக்கு முற்றத்தில் முப்பது வருஷம் மூட்டைக்குக் கோடு போட்டவன். நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வரிசை போட்டேன். ஒவ்வொருவனையும் நினைத்து ஒவ்வொரு கோடு. அறுபதைத் தாண்டாதவனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

முதல் வரிசை பதினொன்று. புள்ளி இரண்டு.
நடு வரிசை எட்டு. புள்ளி ஐந்து.
கடைசி வரிசை ஏழு. புள்ளி ஏழு.

கடைசி வரிசையை மூன்று தடவை எண்ணினேன். ஒரு புள்ளியாவது தப்பாக விழுந்திருக்கட்டும் என்றுதான் எண்ணினேன்.

மார்ச் 14

அந்த அம்மா தாளில் ஒவ்வொரு புள்ளியாக எண்ணினாள். பிறகு, "ஒருத்தர் ஞாபகம் மட்டும் போதாதுங்கய்யா. மாத்தி விட்டதப் பார்த்த இன்னொருத்தர் வேணும்" என்றாள்.

பார்த்தது யார்? மாற்றி விட்டவரே பார்த்திருப்பார். அரவை அறையின் பழைய மேஸ்திரி. அவரோடு முகம் கொடுத்துப் பேசி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. நான் அவரை அறைந்தேன், அவர் என்னை அரவையிலிருந்து சரக்கு முற்றத்துக்குத் துரத்தினார். நாலு வருஷம் ஏழு மாதத்தில் அரவையில் என் கதை முடிந்தது.

போவதா?

மார்ச் 15

போகவில்லை. செருப்பைப் போட்டேன், கழற்றினேன்.

மார்ச் 16

போனேன். மாடிப்படி ஏறவே கால்மணி நேரம். மகள் வீட்டில் ஒரு மூலையில் கட்டில். ஆள் பாதியாகிவிட்டார், குரல் மட்டும் அப்படியே.

"வாடா. இன்னும் சாகலையா நீ?"

"உங்கள முந்தவிடலாம்னு பார்த்தேன்."

"உக்காரு. அறையறதுன்னா நின்னுக்கிட்டே அறை."

விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இருமறவன எந்திரத்துக்கிட்ட நிக்க வைக்கச் சொல்றியா? வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தேன். வெயிலு, காத்து... நல்லது பண்றேன்னுதான்டா நெனச்சேன்."

"நல்லதுதான் பண்ணீங்க. அதான் கணக்குல தெரியாமப் போச்சு."

போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு, "எனக்குப் பிடிச்சவனையெல்லாம் பக்கத்துலயே வச்சிருந்தேன். பிடிக்காம வெளிய தள்ளுனது உன்ன ஒருத்தனத்தான்" என்றார்.

இந்த ஆள்மேல் நான் நாற்பது வருஷம் வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 18

மேஸ்திரி வீட்டுக்கு அந்த அம்மா நேரில் போனாள். நான் சொன்ன பேர்களை அவரிடம் காட்டாமல் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு பேரைச் சொல்லியிருக்கிறார் – வாசலுக்கு ஒன்பது, மூட்டைக்கு மூன்று. என் பன்னிரண்டேதான். ஒரு பேர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரவையிலேயே விழுந்த இரண்டு பேரையும் சேர்த்தால் பதினாலு, என் தாளில் உள்ள புள்ளிகளும் அதே.

மார்ச் 19

காலண்டர் தாளை மகன் முன்னால் விரித்தேன். "நீ இப்ப நடு வரிசை. மே மாசம் கடைசி வரிசை" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கடைசி வரிசையில் விரலை வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஆள் கேட்டான். ஏழு ஆளையும் சொன்னேன். மருமகள் இரண்டு தடவை விளக்கைத் துடைத்தாள்.

மார்ச் 27

நோட்டீஸ் போர்டில் பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டார்கள். அரவையில் நின்ற வருஷத்தை வைத்துப் பிரித்த புதியதை அந்த அம்மாவே ஒட்டினாளாம். ஒரு ஆள் விடாமல் நின்று பார்த்தார்கள் என்று கேள்வி.

ஏப்ரல் 2

மேஸ்திரி போய்விட்டார். தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். கனமே இல்லை.

ஜூன் 9

இன்று எழுதுவது மகன். அரவை அறையைப் பூட்டி இரண்டு மாதமாகிறது. தண்ணீர் தெளித்து அரைக்கும் இயந்திரம் வந்தால்தான் திறக்கலாமாம். இவன் இப்போது சரக்கு முற்றத்தில், வானத்துக்குக் கீழே மூட்டை எண்ணுகிறான். இருமல் முழுக்கப் போகவில்லை. போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கூடாமல் பார்த்துக்கொள்ளலாமாம். கதவைச் சாத்தாமல் இருமுகிறான்.

இருபத்தாறு பேரையும் ஒரு தடவை எழுதி வைத்துவிடு என்றேன். நெட்டையன், பாட்டுக்காரன், இரட்டையர் இரண்டு பேர், பூனைக்கண்ணன் என்று சொல்லச் சொல்ல எழுதினான். ஒவ்வொரு பேருக்கும் நிமிர்ந்து பார்ப்பான், "போயாச்சு" என்பேன். அறுபதுக்கு முன்னால் போனவர்கள், பின்னால் போனவர்கள். இருபத்தைந்து தடவை சொன்னேன்.

பேனா நின்றது.

"எழுதுடா. உயிரோட இருக்கற ஆளு ஒண்ணு."

எழுதினான். எனக்குப் படிக்கத் தெரியாதே. என்ன பேர் போட்டே என்று கேட்டேன்.

"அப்பா."