கடைப் பலகையில் பெய்த மழை

பாப்பாவுக்கு,

நம்ம கடை வாசல் கரும்பலகையில தினமும் நம்ம ஊரு எழுமலையோட வானிலை, பழைய வரலாறு, ஒரு துணுக்கு, கடைசியா என் மனசுல பட்டது ஒண்ணு எழுதுவேன்ல, அத இன்னும் விடல.

நேத்து, "இன்று கனமழை, காயப்போட்டதை எடுத்து வைக்கவும்"னு எழுதிட்டேன். பாண்டீஸ்வரி அத்தை களத்துல கெடந்த மிளகாயை அம்புட்டையும் அள்ளிட்டா. பொட்டு மழை இல்ல.

"எந்த ஊரு மழையண்ணே செல்லுல பாத்தீக?"ன்னு வந்து சத்தம் போட்டா.

கண்ணாடி மாத்தணும்னு சமாளிச்சேன்.

மக கல்யாணத்துக்குப் போகாதவன், தினமும் எந்திரிச்சதும் கொச்சி மழையத்தான் பாக்குறான்னு அவகிட்ட எப்படிச் சொல்ல?

உனக்குப் போட்ட போன கடிதம், அந்த விலாசத்துல ஆள் இல்லன்னு திரும்பி வந்துருச்சு. நீ இன்னும் கொச்சியிலதான் இருக்கியாம்மா?

அப்பா